கொடுவாவுக்குப் பல்லில்லை

என்னோடு கதைப்பதை நிறுத்தி வைத்திருக்கும் என் பிள்ளைக்கு,

நான் அழைத்தால் நீ தொலைபேசியை எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும், "வேலையில நிக்கிறன் அம்மா, பேந்து எடுக்கிறன்" என்கிறாய். அந்தப் பேந்து இன்னும் வந்தபாடில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி, நீ இடையில் குறுக்கிட முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே கடிதத்தின் பிரதி ஒன்றை இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், மீனின் பெயரை மாற்றவில்லை. படிக்க வேண்டியவர்கள் படித்தால் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். நன்றாகக் கண்டுகொள்ளட்டும்.

முதலில் அந்தத் தூண்டில் கம்பியைப் பற்றிக் கதைத்து முடிப்போம். உனக்கும் எனக்கும் இழுபறி தொடங்கியது அங்கேதான். உலகக்கிண்ண உதைபந்தாட்டம் இந்த நாட்டில் நடந்த கோடை உனக்கு நினைவிருக்கும். ஹம்பேர்க்கில் ரயிலேறி நீயும் நானும் அப்பாவுமாகச் சில்ட் தீவுக்குப் போனோம். பெட்டி முழுக்க முகத்தில் நிறம் பூசிய பெடியன்கள் கொடியோடு நின்றார்கள், நாங்கள் உறை போட்ட தூண்டில் தடிகளோடு நின்றோம். உங்கள் கொடியை எப்போது விரிக்கப்போகிறீர்கள் என்று ஒருவன் அப்பாவிடம் கேட்க, அப்பா என்னைக் கை காட்டிவிட்டார். அவருக்குக் கடல் ஆகாது. செருப்புக்குள் மணல் போனாலே முகம் கோணிவிடும். கரையில் வரிசையாக நிற்கும் கூரை வைத்த கூடைக்கதிரைகளில் ஒன்றுக்குள் பிளாஸ்கோடும் ரேடியோவோடும் புகுந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டார். நீயும் நானும் நீண்ட றப்பர் சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கினோம்.

அலை உடைந்து வெள்ளையாகக் குழம்புகிற இடத்தில்தான் வோல்ஃப்ஸ்பார்ஷ் என்று இவர்கள் சொல்லும் மீன் இரை தேடித் திரியும். நான் அதைக் கொடுவா என்றுதான் சொல்வேன். ஊர்க் கொடுவா வேறு, இது வேறு என்று நீ ஒவ்வொரு முறையும் திருத்துகிறாய். தெரியும் ராசா. ஆனால் வாயைப் பார், செதிலைப் பார், சட்டியில் போட்ட பிறகு ருசியைப் பார். சொந்தக்காரர் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கும் நான் வழக்கம்போலத் தங்கூசி நூலின் நுனிக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய முறுக்குக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாய்.

"அம்மா, கொடுவாவுக்குப் பல்லில்லை. கம்பி என்னத்துக்கு?"

"என்ன வந்து கடிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"இஞ்ச வேற ஒண்டும் வராது. கம்பி மினுங்கும், மீன் கண்டிட்டு ஓடிடும். இதைப் பாருங்கோ, தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது."

நீ காட்டியது ஏதோ புதுவகைத் தங்கூசி. இணையத்தில் நாட்கணக்காகப் படித்து, விலை பார்த்து, தேடி வாங்கியிருந்தாய். தண்ணீரில் பிடித்துக் காட்டினாய். உண்மைதான், கண்ணுக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கம்பியைக் கட்டியே எறிந்தேன். அந்தப் பின்னேரம் முழுக்க உன் தடி வளைந்தது, என் தடி சும்மா நின்றது. நாயோடு நடந்து போன ஒரு கிழவர் நின்று என் கம்பியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே ஹெக்ட் கிடையாது, அம்மணி" என்று சிரித்தார். ஹெக்ட் என்பது இந்த நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் இருக்கிற மீன், வாய் நிறையப் பல். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் கம்பியைக் கழற்றவில்லை.

நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று நீ கேட்டதே இல்லை. சலவைச்சாலையில் என்னோடு வேலை செய்த காரின்தான் என்னை முதலில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அது உனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு துணை வேண்டும், எனக்கு நீராவியும் வெளுப்பு மணமும் இல்லாத காற்று வேண்டும். முதல் நாளே ஒரு மீன் என் தூண்டிலை இழுத்தது, அதோடு எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் இந்த நாட்டில் மீன் பிடிக்கவும் பரீட்சை இருக்கிறதே! மார்க் போய் யூரோ வந்த வருஷம் அந்த வகுப்புக்குப் போனேன். ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் நான் ஒருத்தி மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தேன். ஜெர்மன் கேள்விகளை வேலைக்குப் போகும் ரயிலில் வாய்விட்டுப் பாடமாக்கினேன், அயலில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் போனார்கள். அந்த வகுப்பில் படிப்பித்தவர் ஒரு ஹெக்டின் படம் காட்டினார். யாரோ கம்பி கட்டாமல் போட்ட தூண்டிலை அது கடித்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. முள் தொண்டையில், நூல் வாயால் தொங்குகிறது, உடம்பு வற்றிப்போயிருக்கிறது. பிடித்தவனுக்கு நூல்தான் போனது, இந்த மீனுக்கு வாயே போய்விட்டது என்றார் அவர். அன்றைக்கு முடிவெடுத்தேன், என்ன வந்து கடிக்கும் என்று எனக்குத் தெரியாத தண்ணீரில் கம்பி இல்லாமல் எறிவதில்லை என்று. என் தூண்டிலைக் கடித்ததை நான் கரைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது ஒழுங்காகக் கழற்றிவிட வேண்டும். குத்திவிட்டுப் போக விடுவது எனக்குச் சரிவராது.

சரி, உன் பக்கத்தையும் சொல்கிறேன், பிறகு அம்மா நியாயம் இல்லாதவள் என்று சொல்லாதே. கொடுவாவின் வாய்க்குள் நானே விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். அரத்தாள்போலச் சொரசொரப்புத்தான், வெட்டுகிற பல் இல்லை. கம்பி விறைத்து நிற்கும், புழு இயல்பாக அலையாது. தெளிந்த தண்ணீரில் மினுங்கும். ஒருமுறை மடங்கினால் அந்தக் கம்பியைக் குப்பையில்தான் போட வேண்டும். இதெல்லாம் நீ சொன்னது, எல்லாம் சரி. ஆனால் அன்றைக்குக் கடைசியாக உன் தடி வளைந்ததே, நீ இரண்டு அடி பின்னுக்கு நடந்து, "அம்மா, பெரிசு, பெரிசு!" என்று சின்னப் பிள்ளையாகக் கத்தினாயே, அப்பாகூட ரேடியோவை விட்டுவிட்டு எழும்பி வந்தாரே, அந்த மீன் எங்கே? நூல் வெறுமையாக வந்தது. நுனி கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருந்தது. அலைதடுப்புக் கல்லில் இருக்கிற மட்டிகள் அறுத்துவிட்டன என்று நீ சொன்னாய். பல் என்று நான் சொன்னேன். ரயிலில் ஹம்பேர்க் வரும் வரைக்கும் நீ கல், நான் பல். யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆனால் கல்லோ பல்லோ, கம்பி இருந்திருந்தால் அந்த மீன் வந்திருக்கும். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

இனி மற்ற விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ சிந்துஜாவைப் பற்றிச் சொன்னபோது நானும் அப்பாவும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படிக்கும்போது பழகினீர்கள், இப்போது டுசல்டோர்ஃபில் இரண்டு பேரும் வேலை செய்கிறீர்கள், அந்தப் பெண்பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறது, எங்களுக்கு அது காணும். அவளுக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம் என்றாய். அவர் நம்முடைய ஊர்ப் பெயரைக் கேட்டுத் தலையாட்டினார் என்றும் சொன்னாய். ஊரை வைத்து அவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிற கிழமை நீ தொலைபேசி எடுத்தாய்.

"அம்மா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. தூண்டில் தடியெல்லாத்தையும் கொஞ்ச நாளைக்குக் கெல்லருக்குள்ள வையுங்கோ. தேவையில்லாத கதை வரும்."

"என்ன கதை?"

"உங்களுக்குத் தெரியும் தானே."

தெரியும்தான். ஊரில் மீன் பிடிக்கிறவர்கள் என்றால் இன்ன சாதி, அவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை, அவர்களிடம் எடுப்பதில்லை. அந்தக் கதை கடலைத் தாண்டி, பனியைத் தாண்டி, வந்த நாட்டில் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகும் டுசல்டோர்ஃபில் பெரியப்பா வீட்டுச் சோபாவில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேயே வளர்ந்த உனக்கும் அது தெரிந்திருந்ததுதான் எனக்குப் புதினம். நான் தடிகளை நிலத்துக்குக் கீழே இருக்கிற கெல்லர் அறைக்குக் கொண்டுபோனேன். பிறகு சுவரில் இருந்த படத்தையும் கழற்றினேன், நான் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். குளிரூட்டியில் இருந்து தூண்டில் இரைப் புழுப்பெட்டியையும் எடுத்தேன். வீடு துப்புரவாக இருந்தது, என்னுடைய வீடு மாதிரி இருக்கவில்லை.

அன்றைக்கு நான் பொரித்தது போன கோடையில் நானே பிடித்த கொடுவா. பெரியப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் சரியாகப் பிடித்திருந்தது, அதில் பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. "உது என்ன மீன், தங்கச்சி? ஊர்க் கொடுவா மாதிரியெல்லோ கிடக்கு. எங்க வாங்கினியள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முந்தி நீ, "ஹாப்ட்பான்ஹோஃப் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு கடை இருக்கு, பெரியப்பா, அங்க" என்றாய். நீ அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் உன் பொய்யைத் திருத்தாமல் மீனின் தலைத்துண்டை எடுத்துப் பெரியப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த பிழை என்றால் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் செய்த எதையும் பிழை என்று ஒத்துக்கொள்ளப்போவதில்லை.

அந்த மீன் அவரை விடவில்லை. மூன்று கிழமை கழித்து அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். நீ இதைக் கேள்விப்பட்டது அவருடைய வாயால், என்னுடைய வாயால் ஒருமுறை கேள்.

"தங்கச்சி, அண்டைக்குப் பொரிச்ச மீன் நாக்கில நிக்குது. தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் ஹம்பேர்க்குக்கு வாறான். அந்தக் கடைப் பேரைச் சொல்லுங்கோ, வாங்கிக் குடுத்துவிடச் சொல்லுறன்."

அந்த இடத்தில் ஒரு கடையின் பெயரைச் சொல்வது எவ்வளவு சுகம். அங்கே எத்தனையோ கடைகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெடியன் போய்க் கேட்பான், கடைக்காரன் கையை விரிப்பான், நான் இன்னொரு பொய் தேட வேண்டும். அதைவிட, நான் குளிரில் நின்று பிடித்த மீனை ஏன் முகம் தெரியாத ஒரு கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டும்?

"கடையில வாங்கேல்லை, அண்ணை. நான் பிடிச்சது."

"ஆர் பிடிச்சது?"

"நான்தான். தூண்டில் போட்டு."

  அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நீங்கள்... கோவிக்காதேங்கோ தங்கச்சி, பிள்ளையின்ர விசயம், கேக்கத்தான் வேணும். நீங்கள் என்ன ஆக்கள்?"

"மீன் பிடிக்கிற ஆக்கள், அண்ணை."

"பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இஞ்சரும், உமக்கு விசர்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார். இத்தனை வருஷத்தில் அவர் தானாகத் தேத்தண்ணி போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்த நாள் உன்னுடைய அழைப்பு. நாங்கள் என்ன சாதி என்று என் வாயால் சொல்லும்வரைக்கும் கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டப்போவதில்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். நீ கத்தினாய். "பொய் சொல்லச் சொல்லேல்லையே அம்மா! உண்மையைத்தானே சொல்லச் சொல்லுறன். நாங்கள் அந்த ஆக்கள் இல்லை தானே? மீன் பிடிக்கிறது சும்மா பொழுதுபோக்கு எண்டு ஒரு வசனம், அவ்வளவுதான். ஒரு சொல்லில முடியிற விசயம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்குத் தெரியாத யாரோ ஒருவனின் குரலில் சொன்னாய்: "மேரி அக்காவைக் கலியாணத்துக்குக் கூப்பிட வேண்டாம். பேந்து தனியா வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுப்பம்."

அதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்தக் கடைசி வசனம் கோபத்தோடு நிற்கவில்லை. உனக்கு மேரி அக்கா என்றால் பிறந்தநாளுக்கு பேர்லினில் இருந்து கேக் கொண்டுவருகிற குண்டு அன்ரி. எனக்கு அவ யார் என்று சொல்கிறேன், கேள். நாங்கள் வந்த புதிதில் எங்களை ஒரு சின்ன நகரத்து அகதிகள் ஹைம் விடுதியில் விட்டிருந்தார்கள். ஒரு மாடிக்கு ஒரு குசினி, ஒரு குசினிக்கு ஓர் அடுப்பு. உடுத்த உடுப்போடு ஓடிவந்த ஆட்கள்தான் எல்லாரும், நாளைக்குத் திருப்பி அனுப்பினால் எல்லாரையும் ஒரே விமானத்தில்தான் ஏற்றுவார்கள். ஆனாலும் கடற்கரைப் பக்கத்தில் இருந்து வந்த மேரி அக்காவின் கேத்திலை அந்தக் குசினியில் வேறு யாரும் தொடமாட்டார்கள். ஒருவர் தன்னுடைய கேத்திலில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார், மாறிவிடக்கூடாதாம். எனக்குப் பிள்ளை நோ வந்த அன்று காலை அப்பா அகதி விசாரணைத் தவணைக்கு வேறு நகரத்துக்குப் போயிருந்தார். வெளியே வழுக்குகிற பனி. மேரி அக்காதான் கீழே ஓடி, இருந்த நாலு ஜெர்மன் சொற்களையும் காவலாளியிடம் கத்தி, அம்புலன்ஸை எடுப்பித்து, என்னோடு ஏறிவந்தா. அம்புலன்ஸ்காரர், நீ யார் என்று கேட்டபோது, அக்கா என்றா. நீ பிறந்தவுடன் தாதி உன்னைத் துடைத்து முதலில் கொடுத்தது அவவின் கையில். என் கைக்கு நீ வந்தது இரண்டாவதாகத்தான்.

திரும்பி வந்த பிறகு பிள்ளைப்பெற்றவளுக்கென்று சரக்கு அரைத்து, எங்கேயோ தேடி வாங்கிய மீனைப் போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தா. அடுத்த அறைப் பெண் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவையின்ர கையால சாப்பிடப் போறீரோ?" என்றா. நான் சாப்பிட்டேன். கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். அதன் பிறகு அந்த மாடியில் என்னுடைய கேத்திலையும் யாரும் தொடவில்லை. இனி சொல்லு, பெரியப்பா கேட்கிற அந்த ஒரு சொல்லை நான் சொல்லலாமா? ஓம், அது உண்மை. நான் பிறந்த சாதியின் பெயர் அவருக்கு இனிக்கும், உடனே மண்டபத்துக்குக் காசு கட்டுவார். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரேயொரு அர்த்தம்தான்: நாங்கள் மேரி அக்கா இல்லை, எங்களைத் தொடலாம். அதைச் சொல்ல என்னால் ஏலாது. இந்தக் கடிதத்திலும் அந்தச் சொல்லை எழுதப்போவதில்லை, பத்திரிகையில் தேடிப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போகட்டும்.

இதில் சிரிப்பான விஷயம் என்னவென்றால், மேரி அக்காவுக்கு மீன் பிடிப்பதைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஒருமுறை சில்ட்டுக்கு வாங்கோ என்று கேட்டேன். "விசரோ உனக்கு? எங்கட ஆக்கள் ஊரில வெயிலில நிண்டு பிடிச்சது காணும். நான் பெட்டியில உறைஞ்சு கிடக்கிற மீனை வாங்கிறன், அதுக்கு முள்ளும் இல்லை" என்றா. பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகக் குசினியில் நாள் முழுக்க நிற்கிற மனுசி, அவவுக்கு லீவு நாளில் கதிரை வேண்டும், கடல் வேண்டாம். மீன் பிடிக்கிற சாதிக்காரி கடையில் வாங்குகிறா, மீன் பிடிக்காத சாதிக்காரி நான் புழுவும் கையுமாக நிற்கிறேன். பெரியப்பா இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று எனக்கும் அறிய ஆசை.

கடற்கரையில் ஒருமுறை சீருடை போட்ட பரிசோதகர் ஒருவர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பெண் இந்தத் தடியை எங்கே திருடினாள் என்ற பார்வைதான், நான் இந்த நாட்டை ஒன்றும் சொர்க்கம் என்று சொல்லவில்லை. மீன்பிடிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். பார்த்தார், சரி என்றார், போய்விட்டார். நான் ரயிலில் வாய்விட்டுப் பாடமாக்கி வாங்கிய பத்திரம் அது. கேட்டால் காட்டலாம். பிறந்ததற்கு ஒரு பத்திரம் காட்டு என்று யாராவது கேட்டால் என்னிடம் இல்லை என்றுதான் சொல்வேன். நீயும் அப்படிச் சொல்லப் பழகு. இது அம்மா உனக்குச் சொல்கிற புத்தி, கலியாணத்துக்கு முந்திச் சொல்லாமல் எப்போது சொல்வது?

நீ மறைக்கச் சொன்னாய், நான் மறைத்தும் பார்த்தேன், அதனால்தான் தெரிந்து சொல்கிறேன். முதலில் தடி கெல்லருக்குப் போனது. பிறகு படம் போனது. பிறகு நான் பிடித்த மீன் கடைக்காரனுடைய மீன் ஆனது. இப்போது மேரி அக்கா தனியாகச் சாப்பிட வேண்டிய ஆள் ஆகிவிட்டா. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, "அப்பம்மாவும் நானும் மீன் பிடிச்சம்" என்று டுசல்டோர்ஃபில் போய்ச் சொன்னால் அதன் வாயையும் பொத்துவாயா? கண்ணுக்குத் தெரியாத தங்கூசியை மீனுக்குக் கட்டு, தடை இல்லை. பெண்டாட்டி வீட்டுக்குக் கட்டாதே. அங்கே பாரம் ஏறுகிற நாள் வரும், அறுந்தால் நுனி மட்டும்தான் கையில் இருக்கும்.

சிந்துஜா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். உனக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். அழுதுகொண்டுதான் கதைத்தாள். "மாமி, நீங்கள் சொன்னது பிழையில்லை. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. பெரியப்பாதான் எங்களை வளர்த்தவர்" என்றாள். நான் அவளைத் தேற்றப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, பயமாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அந்தப் பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது. அவள் பயத்தைப் பயம் என்றே சொல்கிறாள். நீ உன் பயத்துக்குத் 'தேவையில்லாத கதை' என்று பேர் வைத்திருக்கிறாய். அவளிடம் போய் இரு. இரண்டு பேரும் சேர்ந்து பயப்படுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் பெரியப்பாவிடம் போய் அந்தச் சொல்லை நீ சொல்லிவிட்டு வந்தால், அதை நான் கேள்விப்படுகிற நாளில் உனக்குத் தாய் இருப்பாள், கதைக்க மாட்டாள். இந்த விளையாட்டு உனக்கு மட்டும் தெரியும் என்று நினைக்காதே.

மண்டபம் கிடைத்தால் மண்டபத்தில் செய்வோம். கிடைக்காவிட்டால் பதிவு அலுவலகம் இருக்கிறது, இந்த நாட்டில் கலியாணம் எழுதப் பெரியப்பாவின் கையெழுத்துக் கேட்பதில்லை. எங்கே நடந்தாலும் மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்க நம்முடைய பக்கத்தில் ஒரு சுமங்கலி வேண்டும். யார் எடுப்பது என்று நான் முடிவெடுத்துவிட்டேன், கேட்டும்விட்டேன். "என்னை ஏன் உங்கட சண்டைக்குள்ள இழுக்கிறாய்? பெடியன்ர வாழ்க்கையெல்லோ" என்று மேரி அக்கா முதலில் சத்தம் போட்டா. பிறகு தானாகவே, "ஆராத்தியெண்டால் என்ன நிறச் சீலை கட்ட வேணும்?" என்று கேட்டா. உன்னை முதலில் வாங்கிய கை அது. அந்தக் கையால் எடுக்கிற ஆராத்திக்கு முன்னால் நிற்க உனக்கு மனமில்லை என்றால், அதைத் தொலைபேசியில் எனக்குச் சொல்லாதே. பேர்லினுக்கு ரயிலேறிப் போய், அவவின் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிவிட்டு வா.

தடிகள் மறுபடியும் வாசலில் நிற்கின்றன, படமும் சுவருக்கு வந்துவிட்டது. அப்பா புழுப்பெட்டியைத் தன் கையால் குளிரூட்டிக்குள் வைத்தார், விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. இந்தக் கடிதத்தோடு நான் முறுக்கிய கம்பி ஒன்றையும் வைத்திருக்கிறேன், உறையைத் திறக்கும்போது விரலைக் குத்திவிடும், கவனம். கொடுவாவுக்குப் பல்லில்லை என்றாய், ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கோடையில் நானும் உன்னுடைய தங்கூசியையே கட்டிப் பார்க்கிறேன். நீ இப்போது போய் நிற்கிற தண்ணீரில் பல் இருக்கிறது, மகனே. கம்பி உனக்குத்தான்.

அம்மா